வீட்டுப் பூனையும் வெளிவாசலும்

மாலையில் விளக்கேற்றும் நேரம். யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடொன்றின் விறாந்தையிற் பாய் விரித்துப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய கொப்பிகளுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கின்றது. அயல் வீட்டுப் பெண் அதைப் பார்த்து ஏதோ கேட்கின்றாள். "எங்கட பூனை படலை தாண்டிப் போறதில்லை. அதுக்கு என்ன வருத்தம் வரப்போகுது?" என்று வீட்டுக்காரி விடை கூறுகின்றாள்.

அவள் கூற்றிற் பாதி உண்மை உண்டு. வீட்டோடு வளரும் பூனைக்குத் தெருவில் ஓடும் வாகனத்தால் ஆபத்து இல்லை. கடுவன் பூனைகளோடு சண்டையிட்டுப் புண்படுவதும் இல்லை. பாம்பு தீண்டும் அச்சமும் குறைவு. ஆயினும், மற்றைய பாதியை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. பூனை படலை தாண்டிப் போகாமலிருக்கலாம். படலைக்கு வெளியே இருப்பவை உள்ளே வராமலிருப்பதில்லை. மனிதரின் காலணி வெளியே போய் வருகின்றது. விறகுக் கட்டும் கீரைக் கட்டும் வெளியிலிருந்தே வருகின்றன. நுளம்புக்குப் படலையுமில்லை, வேலியுமில்லை. எலியும் பல்லியும் கூரை வழியாக இறங்குகின்றன. நடுமுற்றம் வானத்தை நோக்கித் திறந்து கிடக்கும் வீட்டில், உள்ளே எது, வெளியே எது என்று கோடு கீறிக் காட்டுவதே அரிது. கொழும்பிலே தொடர்மாடியின் நாலாம் மாடியில் வாழும் பூனைக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆதலின், வீட்டுப் பூனையைக் காப்பது கதவைச் சாத்துவதோடு முடிந்துவிடும் காரியம் அன்று. நோய் எந்த வழியாக உள்ளே வருகின்றது என்பதை அறிந்து அவ்வழியை அடைப்பதே காப்பு.

பூனைக்கு வரும் நோய்களுட் பல ஒட்டுண்ணிகளால் வருவன. மற்றோர் உயிரின் உடலிலோ உடலின்மீதோ தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று வாழ்வது ஒட்டுண்ணி. தெள்ளும் உண்ணியும் சிற்றுண்ணியும் உடலின் மேலே வாழ்வன. வட்டப்புழு, கொளுக்கிப்புழு, நாடாப்புழு ஆகியன குடலில் வாழ்வன. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைக்கல உயிர்களும் உள. இவை வீட்டினுள் வரும் வழிகளை ஐந்தாக வகுக்கலாம். தாய்ப்பால், மண், பூச்சி, இரை, பிற விலங்கு என்பனவே அவை.

முதலாவது வழியைக் கேட்போர் வியப்படைவர். பூனைக்குட்டி பிறந்த நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியேறாதிருப்பினும், அதன் வயிற்றில் வட்டப்புழு இருக்கக் கூடும். தாய்ப் பூனையின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இப்புழுவின் குடம்பிகள், குட்டி ஈன்ற காலத்திற் பாலோடு கலந்து குட்டியைச் சேருகின்றன. வயிறு உப்பி, மயிர் பொலிவிழந்து, நன்றாகத் தின்றும் வளராத குட்டியைக் கண்டு, "பால் போதவில்லை" என்று சொல்வாருண்டு. உண்மையில், குறைந்தது பாலன்று. உண்ட உணவைக் குட்டிக்கு முன்னே புழு பங்குபோட்டுக்கொள்கின்றது. எனவேதான் குட்டிக்கு 3 வாரம் ஆகும்போதே புழு மருந்து தொடங்க வேண்டும் என்று மிருக வைத்தியர் கூறுவர். பால் மறக்கும் வரை 2 வாரத்துக்கொரு முறையும், பின்னர் 6 மாதம் ஆகும் வரை மாதந்தோறும் அதனைக் கொடுப்பது வழக்கம். தாய்ப் பூனைக்கும் உடன் மருந்து கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது வழி மண். வட்டப்புழுவின் முட்டைகள் பூனையின் மலத்தோடு வெளியேறிய உடனே தீங்கு செய்வதில்லை. மண்ணிற் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே அவை தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. பெற்றபின், தடித்த ஓட்டினுள் மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, அழியாமற் கிடக்கின்றன. காலணியில் ஒட்டிய மண்ணோடு அவை வீட்டினுள் வரக்கூடும். அம்மண்ணில் விளையாடிய பிள்ளை கை கழுவாமல் உண்டால், முட்டை பிள்ளையின் வயிற்றையும் அடையும். அங்கே பொரிந்த குடம்பி தனக்குரிய உடலைக் காணாமல் ஈரலிலும் நுரையீரலிலும் அலையும். அரிதாகக் கண்ணையும் அடைந்து பார்வையைக் கெடுத்துவிடும்.

கொளுக்கிப்புழுவின் வழி இன்னும் விந்தையானது. அதன் குடம்பி ஈரமும் நிழலுமுள்ள மணலில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திற் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர், குடம்பிகள் நிறைந்த நீரைத் தற்செயலாகத் தம் கைமீது சிந்திக்கொண்டார். சிறிது நேரத்திற் கை சிவந்து அரித்தது. சில வாரங்களின் பின் அவருடைய மலத்திற் புழு முட்டைகள் காணப்பட்டன. தோல் வழியாகவும் புழு புகும் என்பதை உலகம் அறிந்தது இவ்வாறே. அதே லூஸ் 1911ஆம் ஆண்டில், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிலிருந்து பெறப்பட்ட கொளுக்கிப்புழுவைப் புதிய இனமென விவரித்து, இந்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். 'அங்கைலோஸ்டோமா சிலானிக்கம்' என்னும் அவ்வினம் நாயிலும் பூனையிலும் மட்டுமன்றி, மனிதரின் குடலிலும் முழுவளர்ச்சி பெற்று இரத்தம் குடிக்க வல்லது. பூனையின் நலமும் பிள்ளையின் நலமும் வேறு வேறல்ல என்பதற்கு இலங்கையின் பெயரைத் தாங்கிய இப்புழுவைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டல் தகும். பூனையை வெளியே விடாதவர்கள், அது மலங்கழிப்பதற்கென ஒரு தட்டில் அல்லது பெட்டியில் மணல் வைப்பர். அந்த மணலைப் பலர் ஒழுங்கை ஓரத்திலிருந்தோ, வீடு கட்டக் குவித்த மணலிலிருந்தோ அள்ளி வருகின்றனர். ஊர்ப் பூனைகள் யாவும் தேடிச் செல்லும் இடம் அதுவே. பூனையைத் தெருவுக்கு விடாமல், தெருவைப் பூனையிடம் கொண்டுவந்து வைத்ததற்கே அது ஒப்பாகும். சுத்தமான மரத்தூளோ, கிழித்த பழைய பத்திரிகைத் தாளோ, கடையில் விற்கும் பூனை மணலோ பயன்படுத்தல் நன்று. வளவிற் குவித்த மணலைப் படங்கால் மூடி வைத்தல், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது வழி பூச்சி. அவற்றுள் முதன்மையானது தெள்ளு. பூனையின் உடலில் 4 தெள்ளைக் கண்டு பிடித்து நசுக்கியவர், தெள்ளை ஒழித்துவிட்டதாக நினைப்பர். பூனைமீது காணப்படுவன அக்கூட்டத்தில் மிகச் சிறு பங்கே. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 அல்லது 50 முட்டைகள் வரை இடும். அம்முட்டைகள் ஒட்டுந்தன்மை அற்றவை. பூனை படுத்த பாயிலும், தலையணை உறையிலும், தரை வெடிப்பிலும் அவை உதிர்ந்துவிடும். அங்கேயே பொரிந்து புழுவாகி, பின் கூட்டுப்புழுவாகி உறங்கும். மனிதரோ விலங்கோ அருகே நடக்கும் அதிர்வும் உடற்சூடும் தெரிந்ததும், கூட்டை விட்டுத் துள்ளி வெளிவரும். பல நாட் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தெள்ளு கடிக்கின்றதென்று சிலர் முறையிடுவதன் காரணம் இதுவே.

தெள்ளால் விளைவது அரிப்பு மட்டும் அன்று. இளங்குட்டிகளிற் பெருந்தொகையாகப் பெருகினால், இரத்தச்சோகையுண்டாகிக் குட்டி இறந்துவிடக் கூடும். நாடாப்புழுவைச் சுமந்து வருவதும் தெள்ளே. உடலை நக்கித் துப்புரவு செய்யும் பூனை தெள்ளை விழுங்குகின்றது. தெள்ளினுள் இருந்த நாடாப்புழு குடலில் வளர்கின்றது. பூனையின் வாலடியிலும் படுக்கையிலும் அரிசி மணிகள் போல வெண்மையாகக் கிடப்பவை அப்புழுவின் துண்டுகளே. அதனைக் கண்டு புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால், சில வாரங்களிற் பழைய கதையே திரும்பும்.

தெள்ளு உண்டா என்று அறிவதற்கு எளிய சோதனையொன்று உண்டு. பேன்சீப்பினாற் பூனையின் முதுகை வாரி, சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் இட்டுப் பார்க்கலாம். பொடி கரைந்து செந்நிறம் பரவினால், அது தெள்ளு கழித்த இரத்தம். அப்போது வீட்டிலுள்ள நாய் பூனை யாவற்றுக்கும் ஒரே வேளையில் மருந்திட வேண்டும். பாயையும் துணிகளையும் சுடுநீரில் துவைத்து வெயிலிற் காயவிட வேண்டும். தரையை மூலை முடுக்கெல்லாம் கூட்டித் துடைத்தலும் வேண்டும். இதனை ஒரு நாளோடு நிறுத்தாமற் சில வாரங்கள் தொடர்ந்து செய்தாலன்றிக் கூட்டுப்புழுக்கள் ஓயா.

நுளம்பும் இவ்வழியைச் சேர்ந்ததே. மனிதருக்கு யானைக்கால் நோயைத் தரும் புழுக்களுள் 'புரூகியா மலாயி' என்பதும் ஒன்று. அது பூனையின் உடலிலும் வாழ வல்லது. யானைக்கால் நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை ஒழிந்ததென்று உலக சுகாதார தாபனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. அது பெரும் வெற்றி. ஆயினும், அதன் பின்னரும் இந்நாட்டு நாய் பூனைகளின் இரத்தத்திற் புரூகியா இனப் புழுக்கள் காணப்பட்டுள்ளன. நீர் தேங்கும் சிரட்டையையும் சட்டியையும் கவிழ்த்து வைப்பதும், யன்னலுக்கு வலை அடிப்பதும் மனிதருக்கு மட்டும் செய்யும் காப்பன்று.

நான்காவது வழி இரை. இவ்விடத்திலேதான் மனிதனுக்கும் பூனைக்கும் இடையேயுள்ள பழைய உடன்படிக்கை குறுக்கிடுகின்றது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், ஒரு மனிதருக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் கண்டு, 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதன் தானியத்தைச் சேமித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. இன்றும் பல வீடுகளிற் பூனை வளர்ப்பதன் நோக்கம் அதுவே. "எலி பிடிக்காத பூனை எதற்கு?" என்று கேட்போர் உளர். ஆனால், எலியின் உடலிலேதான் வட்டப்புழுவின் குடம்பிகளும், பின்னர் கூறப்படும் தொக்சோபிளாஸ்மா என்னும் கிருமியும் பூனையின் வருகைக்காகக் காத்திருக்கின்றன. எலி நஞ்சு உண்டு தள்ளாடும் எலியைப் பூனை பிடித்தால், அந்நஞ்சு பூனையையும் கொல்லக் கூடும்.

பல்லி பிடிக்கும் பூனைக்கு மற்றோர் ஆபத்து உண்டு. வெப்பமண்டல நாடுகளில் 'பிளற்றினோசோமம்' என்னும் தட்டைப்புழு ஒன்று காணப்படுகின்றது. நத்தையில் தொடங்கி, வேறு சிற்றுயிர்களைக் கடந்து, பல்லி, ஓணான் முதலியவற்றை அடைந்து, அவற்றைத் தின்னும் பூனையின் பித்தக்குழாய்களில் அது குடியேறும். சில புழுக்கள் மட்டும் இருந்தால் நோய் தெரியாது. பல இருப்பின் பூனை மெலிந்து, வாந்தியெடுத்து, முரசும் கண்ணும் மஞ்சளாகி இறக்க நேரும். வீட்டை விட்டு வெளியேறாத பூனைக்கும் சுவரிற் பல்லி கிடைக்கும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எலியைத் தடுப்பதற்கு நெல்லையும் அரிசியையும் மாவையும் மூடியுள்ள பாத்திரங்களில் வைப்பதும், இரவிற் குசினியைத் துப்புரவாக்குவதுமே முதல் வழி. பூனைக்கு வேளை தவறாமல் நன்கு வெந்த மீனையோ இறைச்சியையோ அதற்கேற்ற உணவையோ கொடுத்தல் வேண்டும். பச்சை மீன்குடலையும் பச்சை இறைச்சியையும் எறியும் வழக்கத்தை விட்டுவிடல் நன்று. வேட்டைக் குணம் பூனைக்கு இயல்பு. அதை அடியோடு நீக்க முடியாது. நூலிற் கட்டிய துணிப்பந்தை இழுத்து, நாளும் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டினால், அவ்வியல்பு தீங்கின்றி நிறைவெய்தும். விளையாடி முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிட வேண்டும்; பூனை நூலை விழுங்கினாற் குடல் அறுபட்டுப் போகும்.

ஐந்தாவது வழி பிற விலங்கு. யன்னலால் நுழையும் அயற்பூனை, முற்றத்துக்கு வரும் தெருநாய், புதிதாகக் கொண்டுவந்த குட்டி ஆகியன நோயைக் கொணரலாம். காதினுள் வாழும் சிற்றுண்ணி ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும். காதுக்குள்ளே கோப்பித் தூள் போன்ற கரிய அழுக்குச் சேர்ந்து, பூனை தலையை உதறுவதே அதன் அறிகுறி. 'பன்லூக்கோபீனியா' என்னும் வைரசு நோயோ மிகக் கொடியது. காய்ச்சலும் வாந்தியும் கழிச்சலும் கண்டு, குட்டிகள் சில நாட்களில் இறந்துவிடும். அவ்வைரசு தரையிலும் துணியிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். மனிதரின் காலணியிலும் உடையிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவாகும். குட்டிக்கு 8 வாரம் ஆகும்போது அத்தடுப்பூசியைத் தொடங்கல் வழக்கம்.

பிற விலங்கால் வரும் நோய்களில் யாவரும் அஞ்ச வேண்டியது விசர்நோய். நீர்வெறுப்பு நோய் என்பதும் அதுவே. இலங்கையில் அதனைத் தடுப்பதற்கென 1893ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது நாயே எனினும், பூனையும் அதற்கு விலக்கன்று. வீட்டுப் பூனை எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. கலியாண வீட்டிற் கதவுகள் திறந்தே கிடக்கும். வருடப் பிறப்பு வெடிச்சத்தத்துக்கு அஞ்சிப் பூனை யன்னலாற் பாயும். வெள்ளம் வந்து குடும்பம் இடம்பெயரும்போது பூனை கைதவறிப் போகும். அத்தகைய ஓர் இரவு போதும். பூனைக்கு 3 மாதம் ஆனதும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, ஓராண்டில் மீண்டும் போட்டு, பின்னர் வைத்தியர் குறிக்கும் காலத்திற் புதுப்பித்து வந்தால், அந்த இரவின் அச்சம் பெரிதும் நீங்கும்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சிறு காயமென்று அசட்டை செய்தல் ஆகாது. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித் தூள் முதலியவற்றை அப்பக் கூடாது. கழுவியதும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பர். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்ரர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தமது தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். அன்று முதல், காலத்தோடு செல்வோருக்கு இந்நோயிலிருந்து தப்பும் வழி உண்டு. நோய்க்குறி தோன்றிய பின்னரோ, ஏறக்குறைய எவருமே பிழைப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், "இத்தனை தொல்லை எதற்கு? பூனையே வேண்டாம்" என்று எண்ணலாம். அவ்வெண்ணம் மிகுதியாக எழுவது, வீட்டிலொரு பெண் கருவுற்றிருக்கும்போதுதான். "பூனையால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது" என்று யாரோ சொல்ல, ஆண்டுக்கணக்காக வளர்த்த பூனையைச் சாக்கிலிட்டுக் கட்டித் தொலைவிலுள்ள சந்தையடியில் விட்டுவிடுகின்றனர். அந்தப் பெண் அழுகின்றாள். பூனை பசித்து அலைகின்றது. இக்கொடுமைக்கு அறிவு இடந்தருகின்றதா என்று ஆராய்தல் வேண்டும்.

அச்சத்துக்குக் காரணமான கிருமியின் பெயர் தொக்சோபிளாஸ்மா. 1908ஆம் ஆண்டில் துனிஸ் நகரிற் சார்ல்ஸ் நிக்கோல், லூயி மான்சோ என்னும் இருவர், 'குண்டி' எனப்படும் ஆபிரிக்கக் கொறிவிலங்கொன்றில் இதனைக் கண்டனர். இதன் பரவலிற் பூனைக்குள்ள பங்கு தெளிவாவதற்கு மேலும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் சென்றன. கருவுற்ற காலத்தில் ஒரு பெண்ணுக்கு இக்கிருமி முதன்முறையாகத் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பது மெய்யே. ஆதலின், அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால், கிருமி எவ்வாறு வருகின்றது என்பதைப் பார்க்க வேண்டும்.

பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் முதன்முறை தொற்றுண்ட பின், ஓரிரு வாரங்கள் மட்டுமே இக்கிருமியின் வித்துக்களை மலத்தோடு கழிக்கின்றது. கழித்தவுடன் அவை தொற்றுவதில்லை. ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை சென்று முதிர்ந்த பின்னரே தொற்றும். ஆகவே மணற்பெட்டியை நாள்தோறும் துப்புரவு செய்தால், வித்து முதிருமுன்னரே அகற்றப்படுகின்றது. எலி பிடியாமல், வெந்த உணவையே உண்டு, வீட்டோடு வாழும் பூனைக்கு இக்கிருமி தொற்றுவதே அரிது. பூனையைத் தடவுவதால் நோய் வருவது வழக்கமன்று. சரியாக வேகாத இறைச்சி, நன்கு கழுவாத கீரை, தூய்மையற்ற நீர், தோட்ட மண் பட்ட கை ஆகியவற்றாலும் இக்கிருமி மனிதரை அடைகின்றது. பூனையைச் சந்தையடியில் விட்டுவிட்டு, வேகாத இறைச்சியை உண்ணும் வீடு, ஒரு வாசலைச் சாத்தி மறுவாசலைத் திறந்து வைத்த வீடே.

எனவே, கருவுற்ற பெண்ணுள்ள வீட்டிற் செய்யத் தக்கது வேறு. மணற்பெட்டியைத் துப்புரவாக்கும் பணியைக் கணவனோ வீட்டிலுள்ள வேறொருவரோ ஏற்றல் வேண்டும். ஏற்பார் இல்லையெனில், கையுறை அணிந்து நாள்தோறும் அகற்றி, சவர்க்காரமிட்டுக் கை கழுவல் வேண்டும். அகற்றியதைக் கிணற்றடிக்கும் கீரைப் பாத்திக்கும் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது பையிற் கட்டிக் குப்பையோடு அனுப்ப வேண்டும். தோட்ட வேலைக்கும் கையுறை நன்று. இறைச்சி நன்கு வேக வேண்டும். ஐயமிருப்பின் வைத்தியரைக் கேட்டு இரத்தம் சோதிக்கலாம். சந்தையடியில் விடப்பட்ட பூனையோ, பசியால் எலியைத் தின்று, தொற்றுண்டு, பலருடைய வளவுகளிற் கிருமியைக் கழித்துத் திரியும். ஒரு வீட்டின் அச்சம் ஊரின் ஆபத்தாக மாறுவது அவ்வாறே.

காக்க எண்ணிச் செய்வதே கேடாக முடியும் சந்தர்ப்பங்களும் உள. தெள்ளை ஒழிக்க மண்ணெண்ணெய் பூசுவார் உளர். பூனை அதனை நக்கி நஞ்சுண்டு துன்புறும். நாய்க்கென விற்கும் தெள்ளு மருந்துகள் சிலவற்றிற் 'பெர்மெத்ரின்' என்னும் சரக்கு உண்டு. நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. நடுக்கமும் வலிப்பும் கண்டு இறந்துபோகலாம். காய்ச்சலென்று 'பரசிற்றமோல்' குளிசையிற் பாதியைக் கொடுப்பதும் கொலைக்குச் சமம். இச்சரக்குகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அலுமாரியில் இடும் பூச்சி உருண்டையும் பூனைக்கு நஞ்சே. எந்த மருந்தாயினும், பூனைக்கென்று குறிக்கப்பட்டதா, அதன் நிறைக்கு எவ்வளவு என்று மிருக வைத்தியரைக் கேட்டறிந்தே கொடுத்தல் வேண்டும்.

வளர்ந்த பூனைக்குப் புழு மருந்து எத்தனை முறை என்பதும் அதன் வாழ்க்கையைப் பொறுத்ததே. வெளியே செல்லாமலும் வேட்டையாடாமலும் இருப்பதற்கு ஆண்டில் ஓரிரு முறை போதும். எலியும் பல்லியும் பிடிப்பதற்கு 3 மாதத்துக்கொரு முறை வேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் காப்புகளுள் ஒன்றே. அது செய்யப்பட்ட பூனை துணை தேடி அலையாது, சண்டையிட்டுக் கடிபடாது, கடியால் தொற்றும் நோய்களும் குறையும். சாக்கிலிட்டு விடுவதற்குக் குட்டிகளும் பிறவா.

பூனை தன் நோயை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. வலி வந்தால் முனகாமல் அட்டாளையிலோ கட்டிலடியிலோ போய் ஒதுங்கிவிடும். ஆகையால், நாள்தோறும் மணற்பெட்டியைத் துப்புரவு செய்பவரின் கண்ணே அதற்கு முதல் வைத்தியர். மலம் இளகியதா, அரிசி போன்ற துண்டு கிடக்கின்றதா, உணவு மிஞ்சியதா, மயிர் சிலிர்த்திருக்கின்றதா, முரசு வெளிறியதா என்று பார்ப்பதற்கு ஒரு சில நிமிடமே செல்லும்.

மதில்மேற் பூனை எப்பக்கம் பாயும் என்று எவரும் அறியார் என்பது பழமொழி. வீட்டுப் பூனையும் ஒருவகையில் மதில்மேற் பூனையே. ஒரு பக்கம் மனிதரின் பாயும் பாலும். மறுபக்கம் மண்ணும் எலியும் இருட்டும். அது எப்பக்கம் பாய்ந்தாலும், மீண்டு வந்து படுப்பது பிள்ளையின் மடியருகே. வாசலிற் கழற்றி வைத்த காலணியும், மூடி வைத்த அரிசிப் பானையும், நாளும் துப்புரவான மணற்பெட்டியும், காலந்தவறாத ஊசியும் அந்தப் பூனைக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. விளக்கடியிற் பாய் விரித்துப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் காவலும் அதுவே.